ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டி: நாக்கைச் சுளுக்கும் சொல்லும் அதன் கணக்கும்

புள்ளியியல் பாடத்தில் மாணவர்கள் உச்சரிக்கப் பயந்தே தாண்டிப் போகும் சொல் ஒன்று உண்டென்றால் அது ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டிதான். தரவுக்குப் போட்ட கோட்டைச் சுற்றிப் புள்ளிகள் சிதறும் அளவு இடத்துக்கு இடம் மாறுவதை அது குறிக்கிறது. முதலில் உச்சரிப்பைத் தீர்த்துவிடலாம்: ஹெட்டரோ, ஸ்கெடாஸ், டிசிட்டி. நடுவில் வருவது 'க' ஒலி. ஆங்கிலத்தில் பலரும் 'சி' எழுத்துப் போட்டு எழுதுவதால் 'செடாஸ்டிசிட்டி' என்று படிக்கத் தோன்றும், அது தவறு. கிரேக்கத்தில் 'ஹெட்டரோஸ்' என்றால் வேறான, 'ஸ்கெடாசிஸ்' என்றால் சிதறல். இரண்டையும் ஒட்டி இந்தச் சொல்லையும், இதன் எதிர்ச்சொல்லான ஹோமோஸ்கெடாஸ்டிசிட்டியையும் 1905-இல் அச்சேற்றியவர் கார்ல் பியர்சன்.

எழுத்துக்கூட்டலுக்கே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது 'கப்பா', ஆகவே ஆங்கிலத்தில் 'கே' எழுத்துதான் வரவேண்டும் என்று 1985-இல் எக்கனாமெட்ரிக்கா என்ற பொருளியல் ஆய்விதழில் மெக்கல்லக் என்பவர் ஒரு குறிப்பே எழுதினார். அதே இதழில் 1979-இல் வந்த பிரூஷ்–பேகன் கட்டுரையின் தலைப்பில் 'சி'. 1980-இல் வந்த ஹால்பர்ட் வைட்டின் தலைப்பில் 'கே'. 1982-இல் ராபர்ட் எங்கிலின் தலைப்பில் மறுபடி 'சி'. தன் பெயரின் முதலெழுத்தையே 'சி'-யிலிருந்து 'கே'-க்கு மாற்றிக்கொண்ட பியர்சன் இந்தச் சொல்லுக்கு மட்டும் 'சி' போட்டதுதான் வேடிக்கை. ஆய்வேட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றையே எழுதினால் போதும்.

தமிழில் என்ன சொல்வது? வேரியன்ஸுக்கு, அதாவது சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களுடைய சராசரிக்கு, தமிழ்நாட்டுப் பாடநூல் 'விலக்க வர்க்கச் சராசரி' என்கிறது, இலங்கையில் 'மாறற்றிறன்'. அந்தப் பழக்கத்தில் 'மாறற்றிறன் சமமின்மை' என்று சொல்லலாம். 'சமமில்லாச் சிதறல்' இன்னும் எளிது, கிரேக்க மூலத்துக்கும் நெருக்கம். கீழே அதையே பயன்படுத்துகிறேன்.

சரி, எதனுடைய சிதறல்? குழப்பம் தொடங்குகிற இடமே இதுதான். வருமானப் பட்டியலில் சிலர் ஏழை, சிலர் கோடீஸ்வரர், ஆகவே வருமானம் சமமில்லாச் சிதறல் என்று எழுதுகிறார்கள். அது இல்லை. அது வெறும் அகன்ற பரவல். விளக்க மாறி ஒன்றை (வருமானம் போல) வைத்து இன்னொரு மாறியை (உணவுச் செலவு போல) கணிக்கும் தொடர்புப் போக்குக் கோட்டைப் போட்ட பிறகு, கோட்டைச் சுற்றி நிற்கும் பிழையின் வேரியன்ஸ் எல்லா இடத்திலும் ஒரே அளவா, இல்லை விளக்க மாறியின் மதிப்பைப் பொறுத்து மாறுகிறதா என்பதுதான் கேள்வி. மாறினால் சமமில்லாச் சிதறல். ஆக ஒரு தனி மாறியைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது; 'எதைப் பொறுத்து' என்ற துணை இல்லாமல் அது முழுமை பெறாது. பிழைகள் மணி வடிவில் பரவவில்லை என்பதும் இது இல்லை, நேற்றைய பிழை இன்றைய பிழையோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் இது இல்லை. இரண்டும் தனி நோய்கள், மருந்தும் தனி.

பாடநூல்கள் விடாமல் காட்டும் உதாரணம் ஏர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் எடுத்தாண்ட பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு. ரோஜர் கோயெங்கரும் கில்பர்ட் பாசெட்டும் 1982-இல் இதே சிக்கலைப் பேசப் பயன்படுத்திய தரவு. ஆர் மென்பொருளின் குவான்ட்ரெக் தொகுப்பில் 235 குடும்பங்களோடு அப்படியே கிடைக்கிறது. வருமானத்தைக் கிடையாகவும் உணவுச் செலவை நெடுக்காகவும் வைத்துப் புள்ளி போட்டால், இடப்பக்கம் நெருக்கமாகத் தொடங்கி வலப்பக்கம் விசிறி போல விரியும். காரணம் எளிது. வருமானம் குறைந்த வீட்டில் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதில் தேர்வே கிடையாது, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே தொகை. காசு கூடினால் ஒரு வீட்டில் நன்றாகச் சாப்பிடுவார்கள், இன்னொரு வீட்டில் சேர்த்து வைப்பார்கள். சாதாரணக் குறைந்த வர்க்கக் கோட்டின் (பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி போடும் கோடு) சாய்வு 0.485. அதே தரவில் 5-ஆம் நூற்றுமானக் கோட்டின் (ஏறக்குறைய 5 விழுக்காட்டுப் புள்ளிகள் கீழே நிற்கும் கோடு) சாய்வு 0.343, 95-ஆம் நூற்றுமானக் கோட்டுக்கு 0.709. சிதறல் சமமாக இருந்திருந்தால் இந்த மூன்று கோடுகளும் ஏறக்குறைய இணையாக ஓடியிருக்கும். விசிறி விரிவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் அரிது.

இப்போது விளைவு. நடுக்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாது. மற்ற அனுமானங்கள் சரியாக இருந்தால் சாய்வின் மதிப்பீடு சராசரியில் சரியாகவே இருக்கும். கெட்டுப்போவது திட்டப் பிழை, அதாவது அந்த மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு. அதோடு சேர்ந்து டி மதிப்பு (மதிப்பீடு ÷ திட்டப் பிழை), பி மதிப்பு (உண்மையில் விளைவே இல்லையென்றால் இவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பு), நம்பிக்கை இடைவெளி, எஃப் சோதனை எல்லாம் கெடும்.

கையால் போட்டே பார்க்கலாம். ஆறு வீடுகள், கற்பனை எண்கள், எல்லாம் ஆயிரம் ரூபாயில். வருமானம் 10 உள்ள இரண்டு வீடுகளின் உணவுச் செலவு 5.5, 6.5. வருமானம் 20 உள்ளவை 9, 11. வருமானம் 30 உள்ளவை 11, 17. கோடு போட்டால் செலவு = 2 + 0.4 × வருமானம் என்று வரும். எச்சங்கள், அதாவது உண்மைச் செலவுக்கும் கோடு சொல்லும் செலவுக்கும் உள்ள வித்தியாசங்கள், முறையே ±0.5, ±1, ±3. எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 20.5. ஆறு வீடு, இரண்டு கெழு (2-உம் 0.4-உம்). ஆகவே 4-ஆல் வகுத்தால் 5.125. வருமானத்தின் விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 400. வழக்கமான வாய்பாட்டில் சாய்வின் வேரியன்ஸ் 5.125 ÷ 400, அதன் வர்க்கமூலம் 0.113. டி மதிப்பு 3.53. கட்டின்மைப் படி 4-க்கு (வீடு 6 − கெழு 2) 5 விழுக்காட்டு எல்லை 2.776, தாண்டிவிட்டது, புள்ளியியல்படி முக்கியம் என்று அட்டவணையில் நட்சத்திரம் போட்டாயிற்று.

ஆனால் அந்த 5.125 யாருடையது? ஏழை வீட்டுக்கு அது மிக அதிகம், பணக்கார வீட்டுக்கு மிகக் குறைவு. எல்லா வீட்டுக்கும் ஒரே சராசரிச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறோம். வைட் 1980-இல் சொன்ன வழி, ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்த எச்சத்தின் வர்க்கத்தையே போட்டுக் கூட்டுவது. இதற்கு முன்பே ஐக்கரும் ஹ்யூபரும் அறுபதுகளில் இதே வடிவத்தைத் தொட்டிருந்ததால் சிலர் மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். வாய்பாட்டில் எச்சங்களை இரு பக்கமும் ஒரே அணி அணைத்துக்கொண்டு நிற்பதால் 'சாண்ட்விச்' என்றும் பெயர். நம் கணக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் வருமான விலக்கத்தின் வர்க்கத்தையும் எச்ச வர்க்கத்தையும் பெருக்க வேண்டும். நடு வீடுகளின் விலக்கம் 0, அவை விழுந்துவிடும். ஓர வீடுகளுக்கு 100 × (0.25 + 0.25 + 9 + 9) = 1850. அதை 400-இன் வர்க்கமான 1,60,000-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.108.

கவனித்தீர்களா, குறைந்துவிட்டது! சரிசெய்கிறேன் பேர்வழி என்று போட்டது, சரிசெய்யாததைவிட அதிகத் தன்னம்பிக்கையோடு நிற்கிறது. இதுதான் ஹெச்சி0 (ஹெச்சி என்பது 'ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டி-கன்சிஸ்டென்ட்' என்பதன் சுருக்கம்) என்னும் மூல வடிவம், இதன் குறை இதுதான். குறைந்த வர்க்கக் கோடு புள்ளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் எச்சங்கள் உண்மைப் பிழையைவிடச் சிறியவை. ஓரத்தில் நிற்கும் புள்ளிகளுக்கு இன்னும் சிறியவை. தரவு பெரிதாக இருந்தால் தெரியாது, சிறிதாக இருந்தால் இப்படிக் கடிக்கும். ஹெச்சி1 அதை 6 ÷ 4 என்று மொத்தமாகப் பெருக்கித் தருகிறது: திட்டப் பிழை 0.132. ஹெச்சி2 ஒவ்வொரு எச்ச வர்க்கத்தையும் (1 − லீவரேஜ்) ஆல் வகுக்கிறது; லீவரேஜ் என்பது ஒரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் வலு. ஓர வீடுகளின் லீவரேஜ் 1/6 + 100/400 = 0.4167, ஆகவே 0.5833-ஆல் வகுக்க வேண்டும்: 0.141. ஹெச்சி3 அதையே வர்க்கப்படுத்தி வகுக்கிறது: 0.184. டி மதிப்பு 3.53-இலிருந்து 2.17-க்கு இறங்குகிறது. நட்சத்திரம் போயிற்று. தரவு அதே, கோடு அதே.

நடைமுறையில் பலர் வழுக்குவது இங்கேதான். ஸ்டேட்டா மென்பொருளில் 'ரோபஸ்ட்' என்று சேர்த்தால் வருவது ஹெச்சி1. ஆரில் சாண்ட்விச் தொகுப்பு எதுவும் கேட்காமல் தருவது ஹெச்சி3. இருவர் ஒரே தரவை வைத்துக்கொண்டு ஏன் எண் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பைத்தானின் ஸ்டேட்ஸ்மாடல்ஸில் நாமாகச் சொல்லாவிட்டால் பழைய வாய்பாடுதான் ஓடும். 2000-இல் லாங், எர்வின் இருவரும் மாதிரி அளவு (தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கை) 250 அல்லது அதற்குக் கீழே என்றால் ஹெச்சி3 போடச் சொன்னார்கள். என் கருத்தில் பெரிய மாதிரிக்கும் அதையே போட்டுவிட்டுப் போகலாம், அங்கே வித்தியாசம் பெரிதாக வராது. எதுவானாலும் அட்டவணைக்குக் கீழே எண்ணோடு குறிப்பிட வேண்டும். 'ரோபஸ்ட் திட்டப் பிழை' என்று மட்டும் எழுதுவது, 'மருந்து கொடுத்தோம்' என்று மட்டும் எழுதுவதைப் போல.

சமமில்லாச் சிதறல் என்றாலே திட்டப் பிழை குறைவாகக் காட்டும் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. எப்போதும் அப்படி இல்லை. மேலே உள்ள கணக்கில் ±3 எச்சத்தை நடு வீடுகளுக்கும் ±1 எச்சத்தை வருமானம் 30 உள்ள வீடுகளுக்கும் மாற்றிப் போடுங்கள். கோடு மாறாது, 20.5 மாறாது, வழக்கமான திட்டப் பிழை அதே 0.113. ஹெச்சி3 மட்டும் 0.068-க்கு இறங்கும். சராசரி வருமானத்திலிருந்து தள்ளி நிற்கும் புள்ளிகளிடம் சிதறல் கூடினால் வழக்கமான வாய்பாடு குறைத்துக் காட்டும். நடுவில் கூடினால் மிகைத்துக் காட்டும். எந்தப் பக்கம் தவறுகிறது என்பதைச் சிதறலின் வடிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் படம். பொருத்திய மதிப்பைக் கிடையாகவும் எச்சத்தை நெடுக்காகவும் வைத்து ஒரு வரைபடம். விசிறி, வில், நடுவில் பருத்த கதிர், எது தெரிந்தாலும் சந்தேகிக்கலாம். புள்ளிகள் ஒரு பக்கம் குறைவாக இருந்தால் அங்கே சிதறல் குறைந்தது போல் கண் ஏமாறும், அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சோதனைகளில் அதிகம் ஓடுவது பிரூஷ்–பேகன். எச்ச வர்க்கங்களை விளக்க மாறிகள்மேல் மறுபடி ஒரு தொடர்புப் போக்காகப் போடுவதுதான் அதன் உயிர். இல் எடுகோள், அதாவது சோதனை மறுக்கப் பார்க்கும் கூற்று: சிதறல் சமம். இதில் ஒரு பொறி உண்டு. 1979-இன் மூல வடிவம் பிழைகள் இயல்நிலைப் பரவல் (மணி வடிவம்) என்று எடுத்துக்கொள்கிறது. 1981-இல் கோயெங்கர் அந்தத் தேவையைத் தளர்த்தி ஒரு வடிவம் கொடுத்தார். நம் ஆறு வீட்டுக்கு மூல வடிவம் 3.28 தருகிறது, பி மதிப்பு 0.07. கோயெங்கர் வடிவம் 4.88 தருகிறது, பி மதிப்பு 0.027. ஒன்று 'சமம் என்பதை மறுக்க முடியாது' என்கிறது, மற்றது மறுக்கிறது. ஆறு புள்ளிக்கு, இந்தப் பி மதிப்புகளுக்கு அடிப்படையான கை-வர்க்க எல்லையை நம்பவே கூடாது என்பது வேறு விஷயம். இரண்டும் ஒரே பெயரில் உலவுகின்றன என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு. ஆரின் எல்எம்டெஸ்ட் தொகுப்பும் ஸ்டேட்ஸ்மாடல்ஸும் கோயெங்கர் வடிவத்தைத் தாமாகவே தருகின்றன. ஸ்டேட்டா தாமாகத் தருவது மூல வடிவம். வைட்டின் சோதனை வர்க்க உறுப்புகளையும் பெருக்கல் உறுப்புகளையும் சேர்த்துக்கொள்ளும், ஆகவே வளைந்த வடிவங்களையும் பிடிக்கும். விளக்க மாறிகள் கூடினால் கட்டின்மைப் படிகளைத் தின்றுவிடும். கோல்ட்ஃபெல்ட்–குவாண்ட் சோதனை 1965-இல் வந்தது. தரவை வரிசைப்படுத்தி, நடுப்பகுதியை விட்டுவிட்டு, இரு ஓரங்களின் எச்ச வேரியன்ஸை ஒப்பிடும். விசிறிக்குச் சரி, நடுவில் பருத்ததைக் கோட்டைவிடும்.

'சோதனை தேறிவிட்டது, ஆகவே பழைய வாய்பாடே போதும்' என்பது மோசமான பழக்கம். சிறு மாதிரியில் சோதனைக்குப் பிடிக்கும் திறன் குறைவு, ஹெச்சி3 தேவைப்படுவதும் அதே சிறு மாதிரியில்தான். சோதனை முடிவைப் பார்த்து வாய்பாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட, முதலிலேயே ஹெச்சி3 போட்டுவிட்டு, படத்தை வைத்துச் சிதறலைப் பற்றிப் பேசுவது நேர்மையானது.

படத்தில் விசிறி தெரிந்ததும் உடனே திட்டப் பிழையைத் திருத்தப் போகாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது: மாதிரியே, அதாவது நாம் போட்ட சமன்பாடே, தவறா? வளைந்து போகும் உறவுக்கு நேர்கோடு போட்டிருந்தாலும், முக்கியமான ஒரு மாறியை விட்டிருந்தாலும், இரண்டு வேறு கூட்டத்தை ஒன்றாகக் கலந்திருந்தாலும் எச்சப் படம் விசிறி போலவே நடிக்கும். அங்கே கோடே தவறு. தவறான கோட்டுக்குச் சரியான திட்டப் பிழை வைத்து என்ன பயன்?

மடக்கை எடுப்பது பழைய கைவைத்தியம். செலவு, வருமானம், விலை போன்றவற்றில் சிதறல் மட்டத்தோடு விகிதமாக வளர்வதால் பல நேரம் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கேள்வி மாறிவிடுகிறது: ரூபாய் வித்தியாசம் போய் விழுக்காட்டு வித்தியாசம் வந்துவிட்டது. திரும்ப ரூபாய்க்குக் கொண்டுவரும்போது மடக்கைச் சராசரியை அடுக்கேற்றினால் கிடைப்பது ரூபாய்ச் சராசரி ஆகாது, அதைவிடக் குறைவு. அதற்காகவே டுவான் 1983-இல் 'ஸ்மியரிங்' திருத்தம் கொடுத்தார்: எச்சங்களை அடுக்கேற்றி, அவற்றின் சராசரியால் பெருக்குவது. அந்தத் திருத்தமும் மடக்கை அளவில் சிதறல் சமம் என்று நம்பியே நிற்கிறது. பூஜ்யச் செலவு உள்ள வீடுகளுக்கு 1-ஐக் கூட்டி மடக்கை எடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; ரூபாயில் 1-ஐக் கூட்டுவதும் ஆயிரத்தில் 1-ஐக் கூட்டுவதும் வேறு வேறு விடை தரும்.

சிதறல் எப்படி மாறுகிறது என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால் நிறையிட்ட குறைந்த வர்க்க முறைதான் (நம்பகமான புள்ளிக்கு அதிக எடை கொடுத்துக் கோடு போடுவது) மேல். மாவட்டச் சராசரிகளை வைத்துக் கோடு போடும்போது, ஒவ்வொரு சராசரிக்குப் பின்னும் எத்தனை பேர் என்று தெரிந்தால் அந்த எண்ணிக்கையே நிறை, மாவட்டத்துக்கென்று தனியான ஏற்றத்தாழ்வு இல்லாதவரை. பொதுவாக நிறை என்பது வேரியன்ஸின் தலைகீழ். ஆர், ஸ்டேட்ஸ்மாடல்ஸ் இரண்டும் அப்படியே கேட்கும். பைத்தானின் நம்பை தொகுப்பில் உள்ள பாலிஃபிட் மட்டும் திட்ட விலக்கத்தின் (வேரியன்ஸின் வர்க்கமூலம்) தலைகீழைக் கேட்கும். அங்கே வேரியன்ஸின் தலைகீழைக் கொடுத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் தவறான கோடு வந்து நிற்கும். ஸ்டேட்டாவில் நிறைக்கு நான்கு வகை உண்டு. கணக்கெடுப்பு நிறையை (ஒருவர் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்ற எண்) கொண்டுபோய் வேரியன்ஸ் நிறை இடத்தில் வைப்பது அடிக்கடி நடப்பது. நிறை சரியா என்று ஐயமிருந்தால், நிறையிட்ட கோட்டுக்கும் ஹெச்சி3 போட்டுக்கொள்ளலாம், தடையில்லை.

ரோபஸ்ட் திட்டப் பிழையால் ஆகாத வேலைகளும் உண்டு. ஒன்று, முன்கணிப்பு இடைவெளி, அதாவது ஒரு புதிய வீட்டின் செலவு எந்த எல்லைக்குள் விழும் என்பது. நம் ஆறு வீட்டில் மென்பொருள் ஒரே 2.26-ஐ (5.125-இன் வர்க்கமூலம்) வைத்துக்கொண்டு 10 ஆயிரம் வீட்டுக்கும் 30 ஆயிரம் வீட்டுக்கும் ஒரே அகல இடைவெளி தரும். உண்மையில் ஒன்றின் விலகல் 0.5, மற்றதன் விலகல் 3. ஹெச்சி3 இதைத் தொடவே தொடாது. இங்கே சிதறலையே மாதிரியாக்க வேண்டும், அல்லது எங்கல் தரவில் பார்த்தது போல நூற்றுமானக் கோடுகளுக்குப் போக வேண்டும். இரண்டு, ஆம்/இல்லை விடைகளுக்குப் போடும் லாஜிட், ப்ராபிட் மாதிரிகள். அங்கே மறைந்திருக்கும் பிழையின் சிதறல் சமமில்லை என்றால் கெழுக்களே கெட்டுப்போகும். கெட்ட கெழுவுக்கு ரோபஸ்ட் போட்டு அலங்கரிப்பதில் அர்த்தமில்லை. மூன்று, காலத்தொடர். பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தால் நியூவி–வெஸ்ட் திட்டப் பிழை போன்றது வேண்டும். நான்கு, பெயரைப் பார்த்து ஏமாறுவது: 'ரோபஸ்ட்' என்றதும் அதீதப் புள்ளிகளிடமிருந்தும் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். கோடு அசைவதே இல்லை, அதீதப் புள்ளி இழுத்த இடத்திலேயே நிற்கிறது.

நிதித்துறையில் இதே சொல்லுக்கு முன்னால் 'கண்டிஷனல்' என்று ஓர் ஒட்டு வரும். எங்கில் 1982-இல் பிரிட்டன் பணவீக்கத்துக்குப் போட்ட ஆர்ச் (ஏ-ஆர்-சி-ஹெச்) மாதிரியின் கடைசி எழுத்தே இந்தச் சொல்தான். 2003-இல் அவர் பொருளியல் நோபலைக் கிளைவ் கிரேஞ்சருடன் பகிர்ந்துகொண்டதும் இந்த வேலைக்காகத்தான். அங்கே நீண்ட காலச் சராசரிச் சிதறல் மாறாமலிருக்கலாம். நேற்றுவரை நடந்தது தெரிந்த நிலையில் இன்றைய சிதறல் மட்டும் மாறும். கொந்தளித்த நாளுக்கு அடுத்த நாளும் கொந்தளிக்கும், அமைதி அமைதியைத் தொடரும். அங்கே மாறும் சிதறலே விற்பனைச் சரக்கு. ஆகவே பங்குச் சந்தைக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் குறை என்று படிக்காமல் அளக்கப்படும் பொருள் என்று படிக்க வேண்டும்.

ஆய்வேட்டில் எழுதும்போது 'தரவில் ஹெட்டரோஸ்கெடாஸ்டிசிட்டி சிக்கல் உள்ளது' என்று நிறுத்தினால் தேர்வாளர் 'எதில், எதைப் பொறுத்து' என்று கேட்பார். இப்படி எழுதலாம்: 'உணவுச் செலவு மாதிரியின் எச்ச வேரியன்ஸ் வருமானத்தோடு கூடுகிறது, பிரூஷ்–பேகன் சோதனை, கோயெங்கர் வடிவம், 4.88, கட்டின்மைப் படி 1, பி மதிப்பு 0.027. திட்டப் பிழைகள் ஹெச்சி3.' வரியில் சோதனையின் வடிவமும் இருக்கிறது, திருத்தத்தின் எண்ணும் இருக்கிறது. படிப்பவர் அதே தரவை வேறு மென்பொருளில் ஓட்டினாலும் அதே 0.184 வரும்.